பென்னிகுயிக் யாருடைய பெயர்?

கம்பம் பள்ளத்தாக்கில், பெரியாற்று அணையைக் கட்டிய இஞ்சினீயர் கர்னல் ஜான் பென்னிகுயிக்கை நினைத்து, ஆண்பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைக்கும் வழக்கத்தைக் குறித்துப் பட்டணத்துப் படிப்பாளிகளிடையே ஓர் அபிப்பிராயம் சில காலமாக வேரூன்றி வருகிறது. வெள்ளைக்காரன் கப்பலேறி எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அவனுடைய வம்சப் பெயரைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டி மகிழும் குடியானவர்கள், விலங்கு கழன்ற பின்னும் விலங்கை விட மனமில்லாதவர்கள் என்பது அந்த அபிப்பிராயத்தின் ஒரு பாதி. பிறந்த தேசத்திலேயே அருகிப்போய், ஊருக்கு ஒருவரென்று தேடினாலும் அகப்படாத ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரை, அதன் பொருளும் அறியாமல், உச்சரிப்பும் அறியாமல், ஏழு கடலுக்கு இப்பால் ஒரு மலையடிவாரத்து ஜனங்கள் கட்டிக் காத்து வருவது நகைப்புக்கு இடமானது என்பது மறுபாதி. இவற்றைச் சொல்கிறவர்கள் கல்வியறிவு மிக்கவர்கள். தேசபக்தியில் குறைந்தவர்களும் அல்லர். அதனாலேயே இந்தக் கருத்து, மறுப்பார் இல்லாமல், தேனிக் கடைத்தெரு வரையில் வந்து சேர்ந்துவிட்டது. பெயர் வைத்த தகப்பனே ஏதோ பிசகு செய்துவிட்டவன்போல், "தாத்தா ஆசைப்பட்டாரு, வச்சுட்டோம்" என்று சமாதானம் சொல்லும் நிலைமை உண்டாகியிருக்கிறது. அவன் வெட்கப்படுவதற்கு ஒரு காரணமும் இல்லை என்பதே என் கட்சி.

அதை ஆங்கிலப் பெயர் என்பதே முதற்பிழை. ஸ்காட்லாந்தின் தலைநகரமாகிய எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், வட எஸ்க் என்னும் சிற்றாற்றின் கரையில், பெனிகுயிக் என்று ஓர் ஊர் இருக்கிறது. எழுத்தில் அப்படி நின்றாலும், அவ்வூரார் வாயில் அது பென்னிகுக் என்றே வழங்கும். ஆங்கில மொழி அந்தப் பிரதேசத்தில் காலடி வைப்பதற்கு முன்பே அங்கே குடியிருந்த பழைய பிரித்தானிய ஜாதியார், இன்றைய வேல்ஸ் மொழிக்கு உறவான தங்கள் பாஷையில், குயிலினத்துப் பறவை கூவும் குன்று என்னும் கருத்தில் இட்ட பெயர் அது என்பது இடப்பெயர் ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பிய முடிபு. பென்னி என்றால் காசு, குயிக் என்றால் வேகம், ஆகவே விரைந்து காசு சேர்ப்பவன் என்று பொருள் பண்ணி, வெள்ளைக்காரனுடைய வியாபார புத்திக்கு அவன் பெயரையே சாட்சிக்கு இழுக்கிறவர்கள் உண்டு. காசுக்கும் அப்பெயருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. குயில் என்றதும் துள்ளியெழுந்து, அந்தக் குயிக் நம்முடைய குயிலேதான் என்று நூலெழுதத் தொடங்கிவிடக்கூடிய சொல்லாராய்ச்சிப் பித்தர்களையும் இவ்விடத்தில் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன்: தயவுசெய்து வேண்டாம், அந்நாட்டுப் பறவையே வேறு. ஆக, ஆங்கில ஆதிக்கத்தின் அடையாளம் என்று நம் நண்பர்கள் சுட்டிக் காட்டுகிற அந்தப் பெயர், உண்மையில் ஆங்கிலத்தின் ஆதிக்கத்துக்கு ஆட்பட்டு, பேசுவாரின்றி மாண்டுபோன ஒரு பாஷையின் மிச்சமாகும்.

ஊரின் பெயர் குடும்பத்தின் பெயரானதில் புதுமை ஒன்றும் இல்லை. நிலமுடையவர்கள் தம் நிலத்தின் பெயரைத் தம்மோடு ஒட்டிக்கொள்வது அந்நாட்டின் இடைக்காலத்துச் சம்பிரதாயம். பெனிகுயிக் நிலத்தை ஆண்டவர்கள் பெனிகுயிக் ஆனார்கள். பிறகு நிலம் கைமாறி, பாரிஸ் நகரில் வியாபாரம் செய்து பொருளீட்டிய ஜான் கிளார்க் என்பவர் 1654இல் அதை விலைக்கு வாங்கவே, ஊர் ஒரு குடும்பத்துக்கும் ஊரின் பெயர் மற்றொரு குடும்பத்துக்குமாகப் பிரிந்து போயின. ஸ்மித், டெய்லர் என்பவை போன்ற தொழிற்பெயர்கள் கொல்லனும் தையற்காரனும் இருந்த ஊர்தோறும் தனித்தனியே முளைத்தவை. ஆதலால் அவை பல்கிப் பெருகின. ஒரே ஒரு சிற்றூரிலிருந்து புறப்பட்ட பெயருக்கு அந்த வசதி கிடையாது. போதாக்குறைக்கு, அது எழுத்திலும் சிதறியது. 1715இல் ட்வீட்டேல் சீமையை வருணித்து நூல் வெளியிட்ட வைத்தியரும் கவிஞருமான அலெக்சாண்டர் பெனெகுயிக் ஒருவிதமாக எழுதினார். உச்சரிப்பை ஒட்டிப் பென்னிகுக் என்று எழுதியவர்கள் பிற்காலத்தில் பெருகினார்கள். நம் அணைக்காரருடைய முன்னோர் போலப் பழைய எழுத்தைப் பிடிவாதமாகக் காப்பாற்றியவர்கள் சிலரே எஞ்சினார்கள். பள்ளத்தாக்கில் ஒரே தெருவில் ஒருவன் பென்னிகுயிக் என்றும், அடுத்தவன் பென்னிகுக் என்றும், மூன்றாமவன் பென்னி குவிக் என்றும் ரேஷன் கார்டில் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு உச்சரிப்புத் தெரியாத பேதைகள் என்று நகைப்பவர்கள், ஸ்காட்லாந்துக்காரர்களும் முந்நூறு வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை அறிவார்களாக.

இத்தகைய பெயர்கள் ஏன் அருகுகின்றன என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. பிரபுக்களின் குடும்பப் பெயர்கள் அற்றுப்போவதைக் கண்ட பிரான்சிஸ் கால்டன் 1873இல் அதை ஒரு கணக்காக விடுத்தார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்னும் பாதிரியார் விடை காண முயல, மறு வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தந்தையின் பெயர் மகன் வழியாக மட்டுமே இறங்கும் என்றால், பஞ்சமோ கொள்ளைநோயோ இல்லாமலேயே, பெண்மக்கள் மட்டும் பிறந்த வீடுகளாலும் பிள்ளையில்லாத வீடுகளாலும், வெறும் தற்செயலாகவே பெயர்கள் ஒவ்வொன்றாக மறையும் என்பது அதிலிருந்து விளங்குவது. அந்தக் கணக்குக்கு உதாரணம் வேண்டுவோர் நம் கர்னலுடைய குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஜான் பென்னிகுயிக் 1841 ஜனவரி 15ஆம் தேதி பூனாவில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாட்களே இருந்தபோது, 1849 ஜனவரி 13இல், பஞ்சாபின் சில்லியன்வாலா யுத்தத்தில், பிரிகேடியராக இருந்த அவர் தந்தை ஜான் பென்னிகுயிக் மாண்டார். தந்தையின் உடலைக் காத்து நின்ற தமையன் அலெக்சாண்டர், பதினேழு வயதுப் பிள்ளை, அங்கேயே மடிந்தான். ஒரே பகலில் அந்தப் பெயர் இரண்டு தலைகளை இழந்தது. 1879இல் கிரேஸ் ஜார்ஜியானா சாமியர் என்னும் மாதை மணந்த நம் கர்னலுக்குப் பிறந்தவர்கள் ஐந்து பெண்களும் ஒரே பிள்ளையும். ஐந்து பெண்களோடு அவர்கள் வழியில் பெயர் நின்றது. ஒரே மகன் ஜான், 1899இல் பிறந்து, சர் பட்டம் பெற்று, இங்கிலாந்தின் சான்சரிப் பிரிவில் உயர்ந்த நீதிபதியாக விளங்கினார்.

அப்பெயர் முற்றும் அற்றுப்போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பறவைகள் காற்றில் மிதக்கும் சூட்சுமத்தை அறிய, ஆப்பிரிக்க வானத்தில் கழுகுகளுக்குப் பின்னே தானும் விமானத்தில் மிதந்து சென்ற காலின் பென்னிகுயிக் அண்மைக்காலத்து விஞ்ஞானி. உச்சரிப்பை ஒட்டி எழுதும் கிளையில் வந்த அலஸ்டேர் பென்னிகுக் என்னும் மொழியியல் அறிஞர், ஆங்கிலம் உலகெங்கும் பரவியது ஒரு பாவமும் அறியாத காரியமன்று, அதில் ஏகாதிபத்தியத்தின் கை இருக்கிறது என்று 1994இல் ஒரு நூலே எழுதினார். பென்னிகுயிக் என்றாலே ஏகாதிபத்தியம் என்று முடிவுகட்டும் நண்பர்கள், தங்கள் கட்சிக்கு வேண்டிய வாதங்களை அந்தக் குலத்தவர் ஒருவரிடமே கடன் வாங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் அந்த நாட்டுக் கதை. நான் வற்புறுத்த விரும்புவது வேறு. பள்ளத்தாக்கில் வழங்குவது அந்தக் குடும்பப் பெயரே அன்று.

பிரிட்டனில் அது மனிதனுடைய பெயருக்குப் பின்னே நின்று, இன்ன வம்சத்தான் என்று அறிவிக்கிறது. அங்கே அந்த மனிதர் ஜான். பென்னிகுயிக் என்பது அவர் பாட்டனுக்கும் பொது, தமையனுக்கும் பொது. கூடலூரிலோ சின்னமனூரிலோ அது ஒருவனுக்கே உரிய பெயர். அதற்கு முன்னே, மு. பென்னிகுயிக் என்று, தகப்பனுடைய முதலெழுத்து ஏறி உட்கார்ந்திருக்கிறது. வம்சத்தைச் சொல்லும் வேலையை அந்த மு. பார்த்துக்கொள்கிறது. அவனுக்குப் பெண் பிறந்து பள்ளியில் சேர்த்தால், ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் பெ. கார்த்திகா என்று எழுதுவார். மகன் வழியாக மட்டுமே இறங்கும் என்று கால்டன் போட்ட நிபந்தனை இங்கே மகளிடம் தோற்றுப்போகிறது. வீட்டிலோ அவன் பென்னிதான். "டேய் பென்னி, மாட்டைப் பிடிச்சுக் கட்டுடா, மழை வருது" என்று தாய் இரைகிறாள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபாதலால், இன்று பள்ளத்தாக்கில் கிழவனாகிக்கொண்டிருக்கும் பென்னிகுயிக்குகளின் பெயர் நாளைக்குப் பேரன்மாரிடம் செல்லும். அப்போது அந்தப் பேரன் பெயர் தாங்குவது ஸ்காட்லாந்துக் கர்னலுக்காக மட்டும் அன்று, கூடலூர்க் கிழவனுக்காகவும்தான்.

அயலாருடைய குடும்பப் பெயரை எடுத்து நம் பிள்ளையின் சொந்தப் பெயராக்கிக் கொள்ளும் இந்த வித்தையைப் பள்ளத்தாக்கு ஜனங்கள் பென்னிகுயிக்குக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மதுரை, தேனி வட்டாரத்தில் போஸ் என்ற பெயருடையவர்கள் எத்தனை பேர்! போஸ் என்பது வங்காளத்துக் காயஸ்தர்களின் குடும்பப் பெயர். நேதாஜியை வணங்கி நம்மவர் அதைப் பிள்ளைகளுக்கு இட்டார்கள். அதனால் உசிலம்பட்டிப் போஸ் வங்காளத்துக் காயஸ்தன் ஆகிவிடவில்லை. காந்தி என்பது குஜராத்து வியாபாரக் குடும்பத்தின் பெயர். நேரு என்பது காஷ்மீரத்திலிருந்து வந்து டில்லியில் கால்வாய்க் கரையில் குடியேறிய குடும்பத்துக்குக் கால்வாயின் பேரால் ஒட்டிக்கொண்டது என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். லிங்கன், கென்னடி, மார்க்ஸ் எல்லாம் குடும்பப் பெயர்களே. இவற்றைத் தாங்கிய தமிழர்கள் அலுவலகங்களிலும் சட்டசபையிலும் நிறைந்திருக்க, அவர்களில் எவரையும் அடிமை என்று சொல்லத் துணியாத நாக்கு, கால்வாயோரத்துச் சம்சாரி ஒருவன் அதையே செய்கையில் மட்டும் நீள்கிறதே, அது ஏன்? கென்னடி என்று வைத்தால் உலக ஞானம், பென்னிகுயிக் என்று வைத்தால் அடிமைப் புத்தி என்றால், குற்றம் பெயரில் இல்லை; வைத்தவன் மண்வெட்டி பிடிக்கிறவன் என்பதில் இருக்கிறது.

வெள்ளையன் என்பதற்காக வைத்தார்கள் என்ற வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1895 அக்டோபர் 10ஆம் தேதி பெரியாற்றுத் தண்ணீரைத் திறந்துவைத்தவர் சென்னை மாகாணக் கவர்னர் வென்லாக் பிரபு. அதிகாரத்தைக் கும்பிடுவது நோக்கமானால், கர்னலைக் காட்டிலும் கவர்னர் அன்றோ பெரியவர்? கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ வென்லாக் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மதுரையை ஆண்ட கலெக்டர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர்கள் தாலுகா கச்சேரிக் காகிதங்களோடு மட்கிவிட்டன. பஞ்சாபைப் பிடிக்கப் போய் மடிந்த மூத்த பென்னிகுயிக்கும் வெள்ளையர்தான், அதே குலப்பெயருடையவர்தான். அவருக்கு இங்கே யாரும் பொங்கல் வைக்கவில்லை. ஜனங்கள் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அடிமைக்குப் பொறுக்கி எடுக்கும் உரிமை ஏது?

இந்த ஜனங்கள் யார் என்பதையும் மறந்துவிடலாகாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்று, 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிக்கு மார்பு காட்டிப் பதினாறு பேருக்குக் குறையாமல் மாண்ட சீமை, தேனிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அதே சர்க்காருக்கு உத்தியோகம் பார்த்த ஓர் இஞ்சினீயருக்கு நன்றி செலுத்தவும், அதே சர்க்காரின் சட்டத்தைக் காறித் துப்பவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மனிதன் வேறு, சர்க்கார் வேறு என்னும் விவேகம் கற்றவர்களிடத்தில் இல்லாமற்போய்க் கல்லாதவர்களிடத்தில் இருந்தது என்றுதான் இதற்கு அர்த்தம். கடப்பை, அனந்தபுரம் சீமைகளில் தாமஸ் மன்றோவை நினைத்து மன்றோலப்பா என்று பிள்ளைகளுக்குப் பெயரிட்டார்கள். கோதாவரிக் கரையில் அணைகட்டிய ஆர்தர் காட்டனைச் சங்கற்பத்தில் நினைக்கும் வைதிகர்கள் உண்டு என்பர். தென்னாட்டுக் குடியானவனுக்கு உபகாரியை நினைக்கும் முறை பெயரும் பொங்கலும்தான். உபகாரியின் தோல் நிறம் அவனுக்கு இரண்டாம் பட்சம்.

உபகாரம் இன்னதென்று கண்ணால் காண விரும்புவோர், வைகாசி நடுவில், ஜூன் முதல் தேதி தேக்கடியில் மதகைத் திறக்கும் காலத்தில் வரவேண்டும். மேற்கு நோக்கி அரபிக்கடலில் விழ வேண்டிய ஆறு, மலையைத் துளைத்த ஒரு மைலுக்கு அதிகமான சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, லோயர் கேம்பில் குழாய்களில் இறங்கி மின்சாரம் தந்து, முல்லையாறாய் ஓடத் தொடங்கும். கூடலூர் ஒட்டான்குளத்தில் தண்ணீர் ஏறுகிறதா என்று கரையில் நின்று பார்ப்பவர்களின் பேச்சைக் கேட்டிருக்கிறேன்: "தண்ணி தொறந்தாச்சு, நாத்துப் பாவிரலாம்", "மொதப் போகம் தப்பாது", "தொழி உழவுக்கு மாடு சொல்லிட்டியா". உத்தமுத்துக் கால்வாய் முதலிய பதினேழு கால்வாய்களில் அது பிரிந்து, பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் வைகையோடு கலந்து மதுரைக்கும் மேலூருக்கும் போகிறது. 1876 தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் இந்த மதுரைச் சீமை பட்ட பாட்டைப் பாட்டன் வாயிலாகக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று அந்தத் தண்ணீரில் நாற்று நடுகிறவர்கள். கர்னல் பிறந்த ஜனவரி 15 பெரும்பாலும் தைப்பொங்கலை ஒட்டியே வருவதால், பாலார்பட்டியில் அவருக்கென்றே பொங்கல் பொங்குகிறார்கள். 2013ஆம் வருஷம் அதே தேதியில்தான் லோயர் கேம்பில் அவருக்கு அரசாங்கத்தார் மணிமண்டபம் திறந்தார்கள். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயரை இட்டார்கள். அரசாங்கம் ஜனங்களைப் பின்தொடர்ந்ததே ஒழிய, ஜனங்கள் அரசாங்கத்தைப் பின்தொடரவில்லை. அவர் 1911 மார்ச் 9இல் இறந்த காம்பர்லி நகரில், அந்நாட்டார் அவரை மறந்துவிட்டிருந்த நிலையில், 2022இல் தமிழ்நாடு அரசாங்கம் போய்ச் சிலை வைத்தது.

இனி, எதிர்க்கட்சிக்கு நம்மவரே கொடுத்திருக்கும் ஓர் ஆயுதத்தைப் பற்றி. பாதி கட்டிய அணை வெள்ளத்தில் அடித்துப் போகவே, சர்க்கார் கையை விரித்துவிட, கர்னல் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதை எல்லார் வாயிலும் இருக்கிறது. கட்டும்போது வெள்ளம் பலமுறை சேதம் விளைத்தது உண்மை. நகைக் கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவும் இதுவரை காட்டப்படவில்லை. அணை சென்னை அரசாங்கத்தின் மராமத்து இலாகா வேலை. லட்சக்கணக்கில் சென்ற பணம் அரசாங்கப் பணம். தண்ணீர்த் தீர்வையால் முதல் திரும்பும் என்று கணக்குப் பார்த்தே சர்க்கார் அதில் இறங்கியது, தருமம் செய்வதற்காக அன்று. திருவிதாங்கூர் மகாராஜாவோடு 1886 அக்டோபர் 29இல் எழுதிய சாசனமே 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் குத்தகை என்று, 999 வருஷத்துக்கு, ரூபாய் அணாவில் பேசுகிறது. கதை பொய்த்தால் பெயரும் பொய்த்தது என்று எதிர்க்கட்சியார் குதூகலிக்கிறார்கள். அது எப்படி? நகை விற்றாரா என்பது ஒரு கேள்வி. அணை நின்றதா என்பது மற்றொரு கேள்வி. 1808இல் கால்ட்வெல் என்னும் காப்டன் ஆகாத காரியம் என்று எழுதிவிட்டுப் போன வேலையை, 1850இல் தொடங்கிக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கைவிட்ட வேலையை, யானையும் காய்ச்சலும் நிறைந்த காட்டில், 1887 முதல் எட்டு ஆண்டு உடனிருந்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு 155 அடி உயரத்துக்கு எழுப்பி முடித்தவர் அவர் என்பதில் யாருக்கும் தகராறு கிடையாது. இதற்குமேல் ஒரு தாலிச்சரடை விற்றால்தான் மனிதன் வணங்கத் தக்கவன் ஆவான் என்று நினைப்பது நம்முடைய சினிமா ருசியைக் காட்டுகிறது. பள்ளத்தாக்கு நண்பர்களுக்கும் இதையே சொல்வேன்: அந்தக் கதையை விட்டுவிடுங்கள்; உங்கள் கட்சிக்கு அது தேவையில்லை. மதுரையில் அரசாங்கக் கட்டடம் ஒன்றை அவர் வாழ்ந்த வீடு என்று சொல்லிக் கிளர்ச்சி செய்யப்போய், அவர் இறந்த பிறகே, 1912க்கு மேல்தான் அது கட்டப்பட்டது என்று அரசாங்கத்தார் எடுத்துக்காட்ட நேர்ந்தது. பக்திக்குக் கண் வேண்டும்.

எதிர்க்கட்சியாரின் வாதங்களில் என்னை நிற்கவைத்து யோசிக்கச் செய்தது ஒன்றுண்டு. அணையைக் கட்டியவர் கர்னல் ஒருவர்தானா? கல் சுமந்தவனும் சுண்ணாம்பு அரைத்தவனும் எங்கே போனான்? காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டு அணைக்கு வடபுறத்திலேயே புதைக்கப்பட்டவர்கள் 483 பேர் என்று கணக்கு இருக்கிறதே, அவர்களில் ஒருவன் பெயராவது ஒரு பிள்ளைக்கு இடப்பட்டதா? மேற்கு நோக்கிப் போகும் ஆற்றைக் கிழக்கு நோக்கித் திருப்பலாம் என்று 1789 வாக்கிலேயே எண்ணி ஆள் அனுப்பிப் பார்த்த சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு மணிமண்டபம் உண்டா? இந்தக் கேள்விகள் நியாயமானவை. இவற்றைச் சிரித்துத் தள்ளுகிறவன் நன்றி என்ற சொல்லைச் சொல்ல அருகதையற்றவன். ஆனால் கேள்வி நியாயமானது என்பதால் அதிலிருந்து இழுக்கும் முடிவும் நியாயமானதாகிவிடாது. கூலிக்காரன் பெயரைக் காகிதத்தில் ஏற்றாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றியது சர்க்கார் செய்த அநியாயம். அந்த அநியாயத்துக்குப் பரிகாரமாகக் குடியானவன் தன் பிள்ளையின் பெயரை அழித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்வது எந்தச் சாஸ்திரத்தில் சேர்ந்தது? மேலும், மலைக்குப் போய்க் கல் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சமவெளிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பென்னிகுயிக் என்ற பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களில் அவர்களுடைய வாரிசுகளும் இருக்கக்கூடும். தம் முப்பாட்டனோடு காட்டில் கிடந்தவரைப் பற்றி அவர்கள் கொண்ட அபிப்பிராயத்தைத் திருத்துவதற்கு, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து வாதிக்கும் நமக்கு என்ன அதிகாரம்?

ஆகையால் நண்பர்களே, அடிமைப் பெயர் என்று சொல்லி ஓர் உழவனைத் தலைகுனிய வைக்கும் சிரமத்தைக் கைவிட்டு, அதே சிரத்தையோடு வேறொரு காரியத்தைச் செய்யுங்கள். அந்த 483 பேரில் எவருடைய பெயராவது பழைய மராமத்துக் காகிதங்களிலோ, ஆஸ்பத்திரிக் கணக்கிலோ, கல்லறைகளிலோ எஞ்சியிருக்கிறதா என்று தேடி எடுத்து, கிடைத்தவற்றை லோயர் கேம்ப் மணிமண்டபத்துச் சுவரில் பொறிக்கவேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். கையொப்பமிட நான் வருகிறேன். பள்ளத்தாக்கிலிருக்கும் பென்னிகுயிக்குகளையும் அழைத்து வருகிறேன்.